சானியா மிர்சாவின் சீசன்கள்: கேள்வி பதில்

டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவின் ஆட்ட வாழ்க்கையை ஆண்டு ஆண்டாகப் பேசலாம் என்று சொன்னதும் நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். திருமணம், பாவாடை நீளம் பற்றிய கேள்விகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். அவற்றைப் பேச ஊரில் ஆள் இருக்கிறது.

கேள்வி: இரட்டையரில்தானே நம்பர் ஒன்? ஒற்றையரில் என்ன கிழித்துவிட்டார்?

2005-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு வைல்டு கார்டில் (தொடர் நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதியில்) போன 18 வயதுப் பெண், மூன்றாவது சுற்று வரை வந்து செரினா வில்லியம்ஸிடம் 1-6, 4-6 என்று தோற்றார். இரண்டாவது செட்டில் செரினா கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது. அந்தத் தொடரின் சாம்பியனே செரினாதான். பிப்ரவரியில் சொந்த ஊரான ஹைதராபாத்தில் அலோனா போண்டரென்கோவை வென்று பட்டம். டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் டென்னிஸ் சங்கம்) ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனது அப்போதுதான். அடுத்து துபாயில், அன்றைய அமெரிக்க ஓப்பன் சாம்பியன் ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவை நேர் செட்களில் சாய்த்தார். செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் நான்காவது சுற்று, அங்கே ஷரபோவாவிடம் தோல்வி. ஆண்டு முடிவில் 'சிறந்த புதுமுகம்' விருது.

அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்றால், கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றைத் தாண்டியதே இந்தியப் பெண்கள் டென்னிஸின் பெரிய செய்தி. அங்கிருந்து ஏழே ஆண்டில் நான்காவது சுற்று. இதை "எதுவும் இல்லை" என்பவரோடு எனக்கு வாதமே இல்லை.

கேள்வி: அப்படியென்றால் 2006-இல் ஏன் சறுக்கல்?

முதல் ஆண்டில் யாருக்கும் அவரைத் தெரியாது. இரண்டாம் ஆண்டில் எல்லோருக்கும் தெரியும். ஃபோர்ஹேண்ட் (வலது கை) பக்கம் பந்து கொடுத்தால் அடி விழும், இரண்டாவது சர்வ் மெதுவாக வரும், முன்னும் பின்னும் ஓடவைத்தால் திணறுவார். இது லாக்கர் ரூம் முழுக்கப் பரவிவிட்டது. போதாததற்குத் தரவரிசைப் புள்ளிகள் 52 வாரம்தான் கணக்கில் நிற்கும். போன வருடம் வென்றதை இந்த வருடமும் வெல்லாவிட்டால் கழிந்துவிடும். 2005-இல் சேர்த்தது 2006-இல் கழிந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அதே ஆண்டில் சியோலில் முன்னாள் உலக நம்பர் ஒன் மார்ட்டினா ஹிங்கிஸைத் தோற்கடித்தார், தோஹா ஆசிய விளையாட்டில் லியாண்டர் பயஸுடன் கலப்பு இரட்டையர் தங்கமும், ஒற்றையர் வெள்ளியும் எடுத்தார். மோசமான சீசன் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: ஒற்றையரில் அவருடைய உச்சம் 27-ஆவது இடம் என்கிறார்கள். எப்போது?

2007 ஆகஸ்ட். அமெரிக்காவின் கோடைக்கால ஹார்டு கோர்ட் (கடினத் தளம்) தொடர்களில் ஸ்டான்ஃபோர்டில் இறுதிப்போட்டி வரை போனார், அன்னா சக்வெட்டாட்ஸேவிடம் தோல்வி. அதே ஆண்டில் நான்கு இரட்டையர் பட்டங்களும் வந்தன. பின்னால் நடக்கப்போவதற்கான ஜாடை அங்கேயே இருக்கிறது.

கேள்வி: மணிக்கட்டுக் காயம் அவ்வளவு பெரிய விஷயமா? எல்லா வீரர்களுக்கும் காயம் வரத்தானே செய்கிறது?

எல்லோருக்கும் வரும், ஆனால் எந்த இடத்தில் என்பது முக்கியம். சானியாவின் ஃபோர்ஹேண்டை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பந்தைத் தொடும் கடைசி நொடியில் மணிக்கட்டு சாட்டை மாதிரி சொடுக்கும். வேகம் முழுக்க அங்கிருந்துதான். 2008-இல் வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே, அந்த மணிக்கட்டு வலியால்தான், பாதியில் விலகினார். ஒற்றையரில் முழு கோர்ட்டையும் தனியாளாகக் காக்க வேண்டும், மூன்று செட் போனால் அந்தச் சொடுக்கை நூற்றுக்கணக்கான முறை போட வேண்டும். இரட்டையரில் பாதி கோர்ட், பாதி பந்து. 2013-இலிருந்து ஒற்றையரை விட்டுவிட்டார். என்னைக் கேட்டால், அதை இரண்டு வருடம் முன்பே செய்திருக்கலாம்.

கேள்வி: அண்ணா, முதல் கிராண்ட்ஸ்லாம் எது? ஹிங்கிஸோடு வென்றதுதானே?

இல்லை தம்பி. டென்னிஸின் நான்கு பெரிய தொடர்கள்தான் கிராண்ட்ஸ்லாம். முதலாவது 2009 ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர், மகேஷ் பூபதியுடன். 2012 பிரெஞ்சு ஓப்பனும் பூபதியுடன்தான். 2014 அமெரிக்க ஓப்பன் பிரேசிலின் புரூனோ சோரஸுடன். கடைசி டை பிரேக்கரில் (வெற்றியாளரை முடிவு செய்யும் குறுகிய ஆட்டத்தில்) 11-9 என்று நூலிழையில் தப்பித்தார்கள். ஆக, ஹிங்கிஸ் வருவதற்கு முன்பே கையில் மூன்று.

கேள்வி: 2012 ஒலிம்பிக் சண்டையில் அவர் யார் பக்கம்?

யார் பக்கமும் இல்லை, அதுதான் விஷயம். ஆண்கள் இரட்டையரில் பயஸுடன் ஆட பூபதியும் ரோஹன் போபண்ணாவும் மறுத்தார்கள். பயஸைச் சமாதானப்படுத்த, சானியா அவரோடு கலப்பு இரட்டையர் ஆடுவார் என்று இந்திய டென்னிஸ் சங்கம் முடிவு செய்தது. தன்னைத் தூண்டில் புழு ஆக்கிவிட்டார்கள் என்று சானியா வெளிப்படையாகவே அறிக்கை விட்டார். பிறகு போய் ஆடினார், காலிறுதியில் தோற்றார்கள். பூபதியோடு பாரிஸில் பட்டம் வென்று சில வாரங்கள்தான் ஆகியிருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஹிங்கிஸ் ஜோடி ஏன் அவ்வளவு வென்றது? இருவரும் நண்பர்கள் என்பதாலா?

நட்பால் பட்டம் கிடைக்காது! ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. பின்னாலிருந்து சானியா ஃபோர்ஹேண்டால் இடிப்பார், எதிராளி எப்படியோ திருப்பி அனுப்புவார், அந்தத் தளர்ந்த பந்து வரும் இடத்தில் ஹிங்கிஸ் வலையோரம் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். சானியாவின் வலையோர ஆட்டம் சுமார், ஹிங்கிஸின் அடியில் வேகம் குறைவு. இரண்டு குறையும் மறைந்துபோயின.

2015 மார்ச்சில் சேர்ந்தார்கள். இண்டியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் மூன்றும் வரிசையாக வசம். ஏப்ரல் 13-இல் சானியா உலக நம்பர் ஒன். ஜூலையில் விம்பிள்டன் இறுதி: மகரோவா, வெஸ்னினாவுக்கு எதிராக முதல் செட் போய்விட்டது, இரண்டாவது டை பிரேக்கரில் கிடைத்தது, மூன்றாவதில் 2-5 பின்தங்கல். அங்கிருந்து 5-5. வெளிச்சம் குறைந்து கூரையை மூடும்வரை ஆட்டம் நின்றது. திரும்பி வந்தவர்கள் 7-5 என்று முடித்துவிட்டார்கள். பிறகு அமெரிக்க ஓப்பன், ஆண்டிறுதித் தொடர், 2016 ஆஸ்திரேலிய ஓப்பன். தொடர்ச்சியாக 41 வெற்றி. 2016 பிப்ரவரியில் தோஹாவில்தான் அது நின்றது. சேர்ந்து மொத்தம் 14 பட்டம்.

கேள்வி: பிரிந்த பிறகு ஒருவருக்கொருவர் மோதினார்களா?

உடனேயே! 2016 ஆகஸ்டில் பிரிந்தார்கள், அதே மாதம் சின்சினாட்டி இறுதிப்போட்டியில் எதிரெதிரே. சானியாவுடன் பார்போரா ஸ்டிரைகோவா, ஹிங்கிஸுடன் கோகோ வாண்டவே. இரட்டையரில் தரவரிசை ஜோடிக்கு இல்லை, ஆளுக்குத் தனித்தனி. அதுவரை இருவரும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 7-5, 6-4 என்று சானியா வென்றதும் முதலிடம் அவருக்கு மட்டும் ஆனது. மொத்தத்தில் 91 வாரங்கள் அந்த இடத்தில் இருந்திருக்கிறார்.

கேள்வி: குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்தது சும்மா பெயருக்குத்தானா?

2017 அக்டோபரோடு முழங்கால் காயம், 2018-இல் மகன். இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் வந்தவர், முதல் தொடரிலேயே நாடியா கிச்செனோக்குடன் பட்டம் வென்றார். 2021-இல் ஆஸ்ட்ராவாவில் ஜாங் ஷுவாயுடன் இன்னொன்று, அது 43-ஆவது. பெயருக்கு ஆடுபவர் இதையெல்லாம் வெல்லமாட்டார்.

வலித்தது டோக்கியோ ஒலிம்பிக்தான். அங்கிதா ரெய்னாவுடன் முதல் செட் 6-0, இரண்டாவதில் 5-3 முன்னிலை. அங்கிருந்து தோற்றார்கள். எதிரே ஆடியவர்கள் கிச்செனோக் இரட்டைச் சகோதரிகள். ஆமாம், அந்த நாடியாவேதான்.

கேள்வி: 2022-இல் ஓய்வு என்றாரே, 2023-இல் எப்படி ஆடினார்?

முழங்கைக் காயத்தால் அமெரிக்க ஓப்பனைத் தவறவிட்டார், அப்படி முடிக்க மனமில்லை. 2023 ஆஸ்திரேலிய ஓப்பனில் போபண்ணாவுடன் கலப்பு இறுதி வரை வந்து தோற்றார். பிப்ரவரியில் துபாயில், மேடிசன் கீஸுடன் முதல் சுற்றுத் தோல்வியோடு முடித்துக்கொண்டார்.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

எல்லோரும் விம்பிள்டன் 2015 என்பார்கள், பாருங்கள், தப்பில்லை. நான் துபாய் 2005 குஸ்னெட்சோவா ஆட்டத்தைத்தான் சொல்வேன். காயம் படாத அந்த மணிக்கட்டு எப்படி அடித்தது என்று அதில்தான் தெரியும்.