எந்தத் தோட்டா என்பதா, எவ்வளவு பயிற்சி என்பதா? தற்காப்புக் கைத்துப்பாக்கி பற்றிய கேள்வி பதில்

உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் தோட்டாவைப் பற்றியவை. ஆச்சரியமில்லை, காசு கொடுத்தால் கிடைக்கிற பொருள் அது ஒன்றுதானே! ஒரு சின்ன விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழு உருப்படிக்குப் பெயர் தோட்டா, அதிலிருந்து பறந்து போவது குண்டு. பலர் இரண்டையும் குழப்பி எழுதியிருக்கிறார்கள். கீழே 9 மி.மீ., .40, .45 என்று வருவதெல்லாம் தோட்டாவின் அளவு; புள்ளியோடு வருவது அங்குலக் கணக்கு, .45 இவற்றில் பெரியது.

கேள்வி: சார், 9 மி.மீ. வாங்கிவிட்டேன். .45 எடுத்திருக்க வேண்டுமோ என்று தூக்கமே வரவில்லை.

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள், 9 மி.மீ. போதும். எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் ஆளைத் தூக்கி எறியாது. மூளையிலோ தண்டுவடத்தின் மேற்பகுதியிலோ பட்டால்தான் ஆள் அந்த நொடியே அடங்குவான். மற்ற இடங்களில் பட்டால் ரத்தம் போய்த்தான் ஓய வேண்டும். இதயமே சிதைந்தாலும் பத்துப் பதினைந்து வினாடி இயங்குகிற அளவுக்கு மூளையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். 9 மி.மீ.க்கும் .45க்கும் உள்ள சிறு வித்தியாசம் இதை மாற்றிவிடாது.

கேள்வி: அப்படியானால் அமெரிக்காவின் மியாமியில் எஃப்.பி.ஐ.க்கு நடந்த துப்பாக்கிச் சண்டை? அங்கே காலை வாரியது தோட்டாதானே?

பதில்: பாதி உண்மை. 1986 ஏப்ரல் 11, எஃப்.பி.ஐ. ஆட்கள் 8 பேர், எதிரே கொள்ளையர் 2 பேர். கொள்ளையரில் ஒருவன் கையைத் துளைத்த 9 மி.மீ. குண்டு, மார்புக்குள் புகுந்து நுரையீரலைக் கிழித்து, இதயத்தைத் தொடாமல் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் விடாமல் சுட்டான். எஃப்.பி.ஐ.யில் 2 பேர் இறந்தார்கள், 5 பேருக்குக் காயம்.

பழி தோட்டா மேல் விழுந்தது. அதில் நன்மையும் உண்டு. உடல் தசைக்குப் பதிலாகச் சோதனையில் வைக்கிற 10 சதவீத ஜெலட்டின் பாளத்துக்குள் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்ற அளவுகோல் அதற்குப் பிறகு வந்ததுதான். ஆனால் கூடவே பெரிய தோட்டாவுக்கும் மாறினார்கள், முதலில் 10 மி.மீ., அப்புறம் .40. உதைப்பு (சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுவது) கூடியது, பலருக்குக் குறி கெட்டது. கடைசியில் 2014-ல் அவர்களுடைய பயிற்சிப் பிரிவே 9 மி.மீ. போதும் என்று காரணங்களோடு எழுதியது. தோட்டாக்கள் இடையில் நன்றாக மேம்பட்டிருந்ததும் ஒரு காரணம். அதே குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது: துப்பாக்கிச் சண்டையில் காவல்துறையினர் சுடுவதில் சராசரியாக 20 முதல் 30 சதவீதம்தான் எதிராளி மேல் படுகிறது. மற்றதெல்லாம் சுவரிலோ, காரிலோ, யாருடைய ஜன்னலிலோ. எந்த ரகத் தோட்டா வாங்கினால் இது சரியாகும், சொல்லுங்கள்.

கேள்வி: குழிமுனையா, முழு உறையா?

பதில்: உங்கள் நாட்டுச் சட்டம் விட்டால், தற்காப்புக்குக் குழிமுனைதான், அதாவது நுனியில் குழி உள்ள, உடலில் பட்டதும் விரிகிற குண்டு. உலோக உறை மூடிய, விரியாத முழு உறைக் குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர் மேலும் பாயலாம். 1899-ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் விரியும் குண்டுகளைத் தடை செய்ததே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது போருக்கு. நல்ல நிறுவனத்தின் தோட்டா ஏதாவது ஒன்றை எடுத்து, உங்கள் துப்பாக்கியில் 200 சுட்டுப் பாருங்கள். சிக்காமல் ஓடினால் தோட்டா ஆராய்ச்சியை அத்தோடு மூடிவிடலாம்.

கேள்வி: வலக்கைக்காரன். என் குண்டெல்லாம் இலக்கின் கீழே, இடப்பக்கமாகவே போகிறது. குண்டின் எடையை மாற்றிப் பார்க்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி, மாற வேண்டியது கை. ஒரு நண்பரிடம் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) கொடுங்கள். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு போலித் தோட்டாக்களை, உங்களுக்குத் தெரியாத வரிசையில், அவர் போட்டுத் தரட்டும். சுடும் இடத்தில் நின்று சுடுங்கள். டமார், டமார்... அடுத்தது ‘க்ளிக்’. வெடிக்கவே இல்லை, ஆனாலும் துப்பாக்கி முனை சட்டென்று ஓர் அங்குலம் கீழே குனியும். உதைப்பை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே அமுக்குகிறது. வெடிக்கும்போது அந்தச் சத்தத்தில் இது தெரியாது. முதல் தடவை பார்க்கிற எல்லோரும் அசடு வழிவார்கள், நானும் வழிந்திருக்கிறேன். ‘க்ளிக்’கிலும் முனை அசையாத வரை இதையே செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் தோட்டா இல்லாமல் பழகலாமா?

பதில்: தாராளமாக. தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும், அறை காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பாருங்கள் (நான் சொல்வது துப்பாக்கியின் தோட்டா அறையை!), கெட்டியான சுவரை நோக்கி மட்டும் பிடியுங்கள். பத்து நிமிடம் போதும். முடிந்ததும் ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று ஆரம்பிக்காதீர்கள். விபத்து பெரும்பாலும் அந்த ஒரு தடவையில்தான்.

கேள்வி: தினமும் இரவில் தோட்டாவை இறக்கி, காலையில் அதையே ஏற்றுகிறேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப ஏற்றும்போது குண்டு தோட்டாவின் கூட்டுக்குள் பின்வாங்கும், சுடும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: பயிற்சிக்கு நேரமே இல்லை. உயர்ந்த ரகத் தோட்டா வாங்கினால் ஈடாகாதா?

பதில்: ஆகாது. என் வகுப்பில் இரண்டு காகித உருவங்களை நிறுத்துவேன். ஒன்றின் கையில் துப்பாக்கி, மற்றதன் கையில் செல்போன். விளக்கை மங்கலாக்கி, திரும்பிப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வேன். போன மாதம் ஒருவர் மின்னல் வேகத்தில் செல்போன்காரரை மார்பில் இரண்டு முறை சுட்டார். அவர் மேகசினில் இருந்தது அன்றைக்கு வந்தவர்களிலேயே உசத்தியான தோட்டா.