இடப்பக்கமே திரும்பும் பந்தயம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பெரும்பாலும் இடப்பக்கமே திரும்பியபடி கார்கள் வட்டமடிக்கும் அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் எதிர்பாராத அளவுக்குக் கடிதங்கள் வந்துவிட்டதால், இந்த இதழின் பதில்கள் முழுவதும் அதைப் பற்றியே.

ஒரு கார் சுவரில் உரசிக்கொண்டே மற்ற கார்களை முந்தும் காணொளியை என் பேரன் காட்டினான். கிராபிக்ஸ்தானே?
*— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்*

உண்மையாகவே நடந்ததுதான். 2022 அக்டோபர் 30 அன்று, வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் மைதானத்தில், சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற இன்னும் இரண்டு இடங்கள் முன்னேறியாக வேண்டும் என்ற நிலையில் இருந்த ராஸ் சாஸ்டெய்ன், கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் வேகத்தைக் குறைக்காமல் ஐந்தாவது கியரில் வண்டியை வெளிச்சுவரோடு சாய்த்துவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து கையையும் எடுத்துவிட்டார். சுவரே வண்டியை வளைவில் திருப்பிவிட்டது. ஐந்து கார்களைக் கடந்து தகுதி பெற்றார். சிறுவயதில் வீடியோ கேமில் செய்து பார்த்த உத்தி என்று அவரே சொன்னார். அடுத்த பருவம் தொடங்கும் முன்பே, இனி அப்படிச் செய்தால் தண்டனை உண்டு என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. பார்வையாளர்களும் மற்ற ஓட்டுநர்களும் இருக்கும் இடத்தில் அதுதான் சரியான முடிவு.

என் மகன் அமெரிக்காவில் இந்தப் பந்தயத்துக்கு அடிமையாகிவிட்டான். நான்கு மணி நேரம் ஒரே வட்டத்தில் சுற்றும் கார்களைப் பார்ப்பதில் என்ன ரசனை இருக்க முடியும்?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்*

ஐயா, இதே கேள்வியோடுதான் நானும் 2025 மே மாதம், வட கரோலினாவில் உள்ள சார்லட் மைதானத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே வசிக்கும் என் மகள்தான் அழைத்துப் போனாள். ஒன்றரை மைல் வட்டத்தில் 400 சுற்று, மொத்தம் 600 மைல், அதாவது ஏறத்தாழ 965 கிலோமீட்டர். முதல் இருபது சுற்றுகளில் எனக்கு இரைச்சலைத் தவிர வேறொன்றும் பிடிபடவில்லை. காதில் பஞ்சு போன்ற அடைப்பான், அதன்மேல் வாடகைக்கு எடுத்த ஹெட்போன். கார்க்கூட்டம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் உட்கார்ந்திருந்த அலுமினியப் பலகை தொடையின் கீழே அதிர்ந்தது. தேய்ந்த டயரிலிருந்து தெறித்த கறுப்புத் துணுக்குகள் மடியில் வந்து விழுந்தன.

"எல்லாக் காரையும் பார்க்காதீங்கப்பா, ஒரே ஒரு காரைப் பிடிச்சுக்குங்க" என்றாள் மகள். அந்தச் சுவர்க்காணொளியால் பெயர் தெரிந்திருந்த சாஸ்டெய்னின் ஒன்றாம் எண் காரைப் பிடித்துக்கொண்டேன். முந்தைய நாள் பயிற்சியின்போது அவருடைய கார் மோதி நொறுங்கியிருந்ததால், குழுவினர் இரவோடு இரவாக மாற்றுக் காரைத் தயார் செய்திருந்தார்கள். அதனால் நாற்பது கார்களில் நாற்பதாவதாகப் புறப்பட்டார்.

ஒரு காரைப் பின்தொடரத் தொடங்கியதும் பந்தயம் திறந்துகொண்டது. அந்த வாடகை ஹெட்போனில், ஓட்டுநரும் அவருடைய குழுத் தலைவரும் பேசிக்கொள்வதை நாமும் கேட்கலாம். இப்படி ஒரு வசதி உள்ள விளையாட்டு எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. வளைவில் பின்பக்கம் வழுக்குகிறது என்றோ, மூக்கு திரும்ப மறுக்கிறது என்றோ ஓட்டுநர் சொல்கிறார். அடுத்த முறை வண்டி, டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் ஒதுங்கி நிற்கும் பிட் பாதைக்குள் வந்ததும் ஐந்து பேர் சுவரைத் தாண்டிக் குதித்து, பத்துப் பதினோரு வினாடியில் நான்கு டயரையும் மாற்றி, பெட்ரோலும் ஊற்றி, தேவைப்பட்டால் பின்கண்ணாடியில் உள்ள துளை வழியாக நீண்ட சாவியை நுழைத்து ஸ்பிரிங்கின் அழுத்தத்தையும் திருகிவிடுகிறார்கள். அந்தத் திருகல் பலித்ததா இல்லையா என்பது அடுத்த ஐந்தாறு சுற்றுகளில் நம் கண்ணெதிரே தெரிந்துவிடும். மாலையில் தொடங்கி இரவில் முடியும் பந்தயம் அது. வெயில் இறங்க இறங்கத் தளம் குளிர்ந்து டயரின் பிடிப்பு மாறுவதால், ஆறு மணிக்குச் சரியாக இருந்த வண்டி ஒன்பது மணிக்குத் தடுமாறும். வட்டம் ஒன்றேயானாலும், ஓடும் தரை ஒன்றாக இருப்பதில்லை.

சாஸ்டெய்ன் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வந்தார். பந்தயத்தின் பெரும்பகுதியில் முன்னணியில் இருந்த வில்லியம் பைரனை, ஆறே சுற்று மீதமிருந்தபோது முந்தினார். தர்பூசணி பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், வென்றதும் காரின்மேல் ஏறி நின்று ஒரு தர்பூசணியைத் தரையில் அடித்து உடைப்பது அவர் வழக்கம். சிதறிய பழத்தைப் பார்த்து, நானும் என்னையறியாமல் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புளோரிடாவின் டேடோனா மைதானத்தில் வளைவுகள் 31 டிகிரி சரிந்திருக்கின்றன. நம் ஊர் ஓட்டு வீட்டுக் கூரையின் சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தனியாக ஓடும் காரைவிட ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஓடும் இரண்டு கார்கள் வேகமாகப் போகும். ஏனென்று கடலூர் – புதுச்சேரி சாலையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்லூரி நாட்களில் கன்னியக்கோயில் தாண்டியதும் எதிர்காற்று முகத்தில் அறையும்; முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று கிடைத்துவிட்டால், அதன் நிழலில் கிருமாம்பாக்கம் வரை கால் வலிக்காமல் போய்விடலாம். டேடோனாவில் பின்னால் வரும் கார் முன்னால் போகும் காருக்கும் உதவுகிறது என்பதுதான் வேறுபாடு. ஆகவே எதிரியின் துணையில்லாமல் எவராலும் முன்னேற முடியாது. யார் யாரை எந்தச் சுற்றில் கைவிடுவார் என்பதே கடைசி அரைமணி நேரத்தின் பதற்றம்.

ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கும் காரா?
*— மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி*

தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. இன்று வெளித்தோற்றம் மட்டுமே ஷெவர்லே, ஃபோர்டு, டொயோட்டா. உள்ளே முழுக்க முழுக்கப் பந்தயத்துக்கென்றே செய்த எந்திரம்.

இதன் வரலாறு நம் எல்லைப் பகுதிக்காரர்களுக்கு எளிதில் புரியும். மதுவிலக்குக் காலத்திலும் அதற்குப் பிறகு வரி ஏய்ப்புக்காகவும் அமெரிக்கத் தென்மாநில மலைப்பகுதிகளில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், காவலர்களிடமிருந்து தப்புவதற்காகச் சாதாரணக் காரின் எஞ்சினையும் ஸ்பிரிங்கையும் திருத்தி வைத்திருந்தார்கள். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பாட்டில்கள் பிடிபட்ட செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இருக்காது. அந்த ஓட்டுநர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்களுக்குள் போட்டி வைத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு விதிகள் வகுத்து 1948இல் நாஸ்கார் அமைப்பைத் தொடங்கியவர் பில் ஃபிரான்ஸ். மாற்றம் செய்யாத கடைக் கார்களுக்கென்று 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் அந்த அமைப்பு நடத்திய முதல் பந்தயத்தில் முதலில் வந்த கிளென் டனவேயின் வெற்றி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழாமலிருக்கச் சாராயக் கடத்தல்காரர்கள் செய்யும் அதே ஸ்பிரிங் வேலை அந்தக் காரில் இருந்ததுதான் காரணம். இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பர் வெற்றியாளரானார். சாலையில் நடந்ததை மைதானத்துக்குள் கொண்டுவந்து, விதிக்குக் கட்டுப்படுத்தியதுதான் இந்த விளையாட்டின் பிறப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் பைக் பந்தயம் விடும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

விபத்தைப் பார்க்கத்தானே அவ்வளவு கூட்டம் சேர்கிறது?
*— வாசகி, முதலியார்பேட்டை, புதுச்சேரி*

அப்படி வருபவர்களும் இருக்கலாம். ஆனால் நான் உட்கார்ந்திருந்த வரிசையில், ஒரு கார் சுழன்று சுவரில் மோதியபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஓட்டுநர் இறங்கி நடக்கும் வரை ஒருவரும் உட்காரவில்லை. இறங்கி நடந்ததும்தான் கைதட்டல் எழுந்தது.

2001 பிப்ரவரி 18 அன்று, டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். ரசிகர்கள் அன்று அடைந்த துக்கம் இன்றும் ஆறவில்லை. அந்த ஆண்டிலேயே, மோதலின்போது தலை முன்னோக்கி வீசப்படாமல் ஹெல்மெட்டைத் தோளோடு பிணைக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. கான்கிரீட் சுவர்களின் முன்னால், எஃகுக் குழாய்களுக்குப் பின்னே நுரைப்பொதி வைத்த, அடியைத் தாங்கி உள்வாங்கும் தடுப்புகள் வந்தன. 2020இல் அதே டேடோனாவில் ரயன் நியூமனின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பொறி பறக்கச் சறுக்கியபோது, பார்த்தவர்கள் பலர் அவர் பிழைக்க மாட்டார் என்றே நினைத்தார்கள். இரண்டே நாளில் தம் இரு மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார். ரசிகர்கள் இன்றும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் படம் அதுதான்.

நம் நாட்டவர் யாராவது இதில் ஓட்டியிருக்கிறார்களா?
*— வாசகர், நெல்லிக்குப்பம்*

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர், 2010இல் நாஸ்காரின் டிரக் (பிக்-அப் வண்டி) பிரிவில் ஓட்டினார்.

பிரான்ஸில் இருக்கும் என் மாமா ஆண்டுதோறும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போவார். அமெரிக்கக் கார்கள் வெறும் முரட்டு வண்டிகள் என்கிறார். சரியா?
*— வாசகர், வைத்திக்குப்பம், புதுச்சேரி*

கனமான வண்டிகள் என்பது உண்மை. ஆனால் 2023இல், லெ மான் தன் நூற்றாண்டைக் கொண்டாடிய அதே பந்தயத்தில், நாஸ்கார் அமைப்பே ஒரு ஷெவர்லே கமாரோவைத் தயார் செய்து சிறப்பு விருந்தினராக இறக்கியது. நாஸ்கார் சாம்பியன் ஜிம்மி ஜான்சன், ஃபார்முலா ஒன்னின் ஜென்சன் பட்டன், லெ மானில் முன்பே வென்ற மைக் ராக்கன்ஃபெல்லர் மூவரும் மாறி மாறி ஓட்டினார்கள். மற்றவர்களின் கார்கள் காற்றழுத்த ஜாக்கியால் தானாக எழும்ப, இவர்களின் ஆட்கள் கையால் இயக்கும் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சக்கரம் மாற்றினார்கள். நடுவில் பழுது வந்து நேரம் போனபோதிலும் 24 மணி நேரமும் தாக்குப்பிடித்து, 39ஆவது இடத்தில் பந்தயத்தை முடித்தார்கள். அந்த எட்டு சிலிண்டர் எஞ்சினின் உறுமல் கேட்டதுமே பிரெஞ்சு ரசிகர்கள் தடுப்பு வேலிக்கு நெருங்கி வந்துவிட்டார்கள். மாமா அந்த ஆண்டும் போயிருந்தால், அந்தச் சத்தம் நினைவிருக்கிறதா என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.