ஆளில்லாத சைட்டில் என்ன பாடம்?

கேள்வி: நான் கிருஷ்ணகிரியில் கட்டட கான்ட்ராக்டர், சிவில் இன்ஜினீயர். எங்கள் தொழில் அமைப்பின் மாவட்டக் கிளையில் மாணவர் பிரிவை வளர்க்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஏறி இறங்கிப் பிள்ளைகளைச் சேர்த்தேன். தொடக்க விழாவில் உட்கார இடமில்லை. இப்போது கூட்டத்துக்குக் கூட்டம் ஆள் குறைகிறது. இத்தனைக்கும் வேலை கெடக்கூடாது என்று சைட் விசிட்டை ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கிறேன். தொடங்கிவைத்துவிட்டு நான் கிளம்பிவிடுவேன். ஞாயிறு மதியம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். மிச்சத்தைச் செயலாளர் பார்த்துக்கொள்வார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமே கிடையாதா? (பெயர் வேண்டாம்)

பதில்: பிள்ளைகளின் ஆர்வம் கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் சைட்டில் என்ன இருக்கும்? சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் எல்லாரும் போயிருப்பார்கள். மிக்சர் கழுவிக் கவிழ்த்திருக்கும். வைப்ரேட்டர் ஷெட்டுக்குள் பூட்டியிருக்கும். நாலு தூண், ஒரு ஜல்லிக் குவியல், ஒரு வாட்ச்மேன். இதைப் பார்க்கப் பஸ் ஏறி வரவேண்டுமா? பாதியில் நிற்கிற கட்டடம் அவரவர் தெருவிலேயே இருக்கிறதே.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் மாணவர்களில் யாருடைய அப்பா என்ன வேலை செய்கிறார் என்று என்றாவது விசாரித்தீர்களா? பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கொஞ்ச நஞ்சமா? சனி ராத்திரி பஸ் பிடித்து வந்து, திங்கள் விடிவதற்குள் திரும்புகிறவர்கள். அப்பா வீட்டில் இருக்கிற அந்த ஒரு பகலில் பிள்ளையை ஆளில்லாத சைட்டுக்கு வரவழைத்துவிட்டு, நீங்கள் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறீர்கள். உங்கள் வீட்டு ஞாயிறு மட்டும்தான் ஞாயிறா? குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதைக் கடமை என்றே நினைக்கிறவள் நான். அதனால்தான் உங்கள்மேல் கோபம் வருகிறது. அடுத்தவர் பிள்ளையைக் கூப்பிட்டால் அது வீட்டுக்குக் கிளம்பும்வரை கூட நிற்பதும் கடமைதான். அதைச் செயலாளரிடம் தள்ளிவிட முடியாது.

வேலை கெடும் என்கிறீர்கள். கொஞ்சம் கெடத்தான் செய்யும். தளம் போடுகிற நாளில் பிள்ளைகள் காலில் இடறினால் மேஸ்திரி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். பத்துப் பேரை மட்டும் அழையுங்கள். ஹெல்மெட்டும் ஷூவும் இல்லாதவரை உள்ளே விடாதீர்கள். துறைத் தலைவருக்கு முறையாகக் கடிதம் கொடுத்து ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு வைக்கும் ‘ஆன் டியூட்டி’ அனுமதி) வாங்கித் தாருங்கள், ஓ.டி. என்றால் வராத பிள்ளையும் வரும் என்பது வேறு விஷயம்.

முதல் கலவை இறங்கியதும் கலவை எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று பார்க்கிற அந்த 30 செ.மீ. ஸ்லம்ப் கூம்பை ஒரு பெண்ணின் கையில் கொடுங்கள். அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் 25 குத்து குத்தி, கூம்பை நேரே மேலே தூக்கி, கலவை எவ்வளவு அமுங்கியது என்று அவளே அளக்கட்டும். “இன்னும் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துனா நல்லா ஓடும் சார்” என்று மேஸ்திரி சொல்வார். தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்பதைப் பிள்ளைகள் முதல் தடவை படித்திருப்பது புத்தகத்தில். முப்பது வருஷம் கரண்டி பிடித்தவர் எதிரில் நின்று, அவர் மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வது என்பதை உங்களைப் பார்த்துத்தான் படிக்க முடியும். நீங்கள் அங்கே இருந்தால்!

அதே கலவையில் ஆளுக்கொரு 150 மி.மீ. கியூப் (சோதனைக்கான கான்கிரீட் கட்டி) போடச் சொல்லுங்கள். மறுநாள் அச்சைக் கழற்றி, தேதியும் பெயரும் எழுதி, கல்லூரி லேப் தொட்டியில் போட்டுவைக்கட்டும். 28ஆம் நாள் மெஷினில் வைத்து உடைக்க வேண்டும். எம்20 (சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்கும் கான்கிரீட்) என்றால் கியூப் 450 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், சுமார் 46 டன். தன் பெயர் எழுதிய கியூப் 400லேயே உடைந்தால் அந்தப் பையன் சும்மா இருப்பானா? எங்கே தப்பு, குத்தியது போதவில்லையா, தண்ணீர் கூடிவிட்டதா என்று உங்களைத் தேடி வருவான். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் கெஞ்ச வேண்டியதில்லை.

1920இல் தொடங்கிய இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினீயர்ஸ் முதல் 1982இல் வந்த இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட் வரை மாணவர் பிரிவு வைத்திருக்கின்றன. இன்ஜினீயர்கள் தினமான செப்டம்பர் 15 அன்று, அன்று பிறந்த இன்ஜினீயர் விஸ்வேஸ்வரய்யாவின் படத்துக்கு மாலை போட்டு, குரூப் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவதோடு முடிகிற வேலை என்றால், அதற்கு இன்ஜினீயர் எதற்கு, போட்டோகிராபர் போதும்.

அப்புறம், சிறப்பு விருந்தினருக்காகச் சென்னைக்குப் போன் போடாதீர்கள். பெங்களூருவில் சென்ட்ரிங் அடிக்கிற ஓர் அப்பாவைக் கூப்பிடுங்கள். தள முட்டுகளை, தளத்தின் ஸ்பான் (தாங்கும் இடங்களுக்கு இடைப்பட்ட தூரம்) 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் கழித்தே எடுக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது பிள்ளைகளுக்கு மனப்பாடம். நாலாம் நாளே பலகையைப் பிரி என்று அவசரப்படுத்துகிற முதலாளியிடம் என்ன பேசுவது என்று அவருக்குத்தான் தெரியும். வேலை நாளில் வந்தால் அன்றைய கூலியை அவர் இழப்பார். சால்வை வேண்டாம், கூலியையும் பஸ் செலவையும் கணக்குப் பார்த்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.