சிவப்பு லேசருக்கு 1400 நானோமீற்றர் வருதா? தட்டைப் பாருங்க

சீடியில சிவப்பு லேசரை அடிச்சு, திரும்பி வாற புள்ளி நடுப்புள்ளியில இருந்து விலகுற கோணத்தால லேசரின் அலைநீளத்தைக் கணிச்சேன், 1400 நானோமீற்றர் வருது என்று எழுதியிருந்தீங்க. கணக்கு சரி தம்பி, தட்டுத்தான் மாறிப்போச்சு. சீடி என்று நினைச்சு டீவீடியில லேசர் அடிச்சிருக்கிறீங்க.

சீடியில தடங்களுக்கு இடைத்தூரம் 1.6 மைக்ரோமீற்றர், டீவீடியில 0.74. நீங்க எழுதின 61 பாகைக்கு சைன் 0.875. அதை 1.6 ஆல் பெருக்கினாத்தான் 1.4 மைக்ரோமீற்றர், அதாவது 1400 நானோமீற்றர் வருது. அது செங்கீழ்க் கதிர், கண்ணுக்கே தெரியாது! 0.74 ஆல் பெருக்குங்க, 647 வரும். சிவப்பு பொயின்டர் பெரும்பாலும் 650 ஐ ஒட்டித்தான் இருக்கும்.

எந்தத் தட்டு என்று சந்தேகமெண்டா, அது திருப்பி அடிக்கிற லேசர்ப் புள்ளிகளை எண்ணிப் பாருங்க. மட்டையில ஓட்டை போட்டு அதுக்குள்ளால தட்டுக்குச் செங்குத்தா அடிங்க. நடுப்புள்ளி அதே ஓட்டைக்குத் திரும்பி வரவேணும், இல்லாட்டி கோணமே பிழைக்கும். தட்டுக்கும் மட்டைக்கும் 20 செ.மீ. வைச்சா, சீடியில முதல் புள்ளி நடுப்புள்ளியில இருந்து 9 செ.மீ. தள்ளி விழும், இன்னொன்று 28 இல. டீவீடியில பக்கத்துக்கு ஒன்றுதான், கிட்டத்தட்ட 37 செ.மீ. தள்ளி. மட்டை அகலமா இருக்கட்டும்.

கல்முனையில சீடி தேடி அலைய வேணாம். வீட்டுக் கலியாண டீவீடியே போதும் (அம்மாட்டக் கேட்டுட்டு எடுங்க).

ஒன்று கவனம்: தட்டு கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும், கண் மட்டத்தில வைச்சுச் செய்யாதீங்க. மலிவுப் பொயின்டர்ல 5 மில்லிவாற்றுக்குக் குறைவு என்று ஒட்டியிருக்கிறதை நம்பேலாது. பச்சை வேணவே வேணாம், சிலதில வடிகட்டி இல்லாம செங்கீழ்க் கதிரும் சேர்ந்து வரும்.