ஜி.சி.எஸ்.இ. நெருங்குகிறது, பையன் டார்ட்ஸ் போர்டை விட்டு நகரமாட்டேன் என்கிறான்

வணக்கம் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகனுக்குப் பதினைந்து வயது, ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதும் இயர் 11, சாயந்திரம் முழுக்க வட்டப் பலகையில் டார்ட்ஸ் அம்பு எறிகிறான், அறைச் சுவரில் டொக் டொக் என்று சத்தம். கேட்டால், "லூக் லிட்லர் பதினெட்டு வயதில் பத்து லட்சம் பவுண்டு ஜெயிச்சான், நான் எதுக்கு ஏ-லெவல் படிக்கணும்?" என்று மேல்நிலைப் படிப்பையே தட்டிவிடுகிறான். பப்பில் குடித்துவிட்டு ஆடுகிற விளையாட்டு இது, ஊரில் கேட்டால் என்ன சொல்வேன் என்று நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். போர்டைக் கழற்றி கராஜில் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போட வேண்டாம். கழற்றினால் உங்களுக்கு இரண்டு வருடச் சண்டை மிஞ்சும், படிப்பு ஓர் அங்குலம்கூட நகராது.

பையன் சொன்ன தொகை பொய்யில்லை. 2026 டார்ட்ஸ் உலகச் சாம்பியன் பட்டத்துக்கு முதல் பரிசு பத்து லட்சம் பவுண்டு, அதை வாங்கியது லிட்லர்தான். அதற்கு முந்தைய வருடம், பதினேழு வயதில், முன்னணி வீரர் மைக்கேல் வான் கெர்வெனை 7-3 என்று தோற்கடித்து மிக இளைய உலகச் சாம்பியன் ஆனார். அவன் சொல்லாமல் விட்ட பகுதி இது: லிட்லர் கையில் காந்த போர்டு வந்தபோது வயது ஒன்றரை. பிறகு இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸில் ஒரு டார்ட்ஸ் அகாடமியில் சின்னப் பையனாகச் சேர்ந்து, ஜூனியர் போட்டிகளில் வருடக்கணக்காக ஆடினார். பதினாறு வயதில் அவர் முதல் உலக இறுதிப் போட்டியில் நின்றபோது அவருக்குப் பின்னால் பதினான்கு வருடத்துக்கு மேல் இருந்தது. உங்கள் மகன் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் குத்திக்காட்டாமல் அவனிடம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாது என்றால் என்னிடம் விட்டுவிடுங்கள்.

நான் அவனைப் பார்க்கச் சொல்வது லிட்லரை இல்லை, ராப் கிராஸை. கிராஸ் எலக்ட்ரீஷியன். வேலை செய்துகொண்டே ஆடினார். 2016-இல் சாலஞ்ச் டூர் என்ற இரண்டாம் அடுக்குத் தொடரில் முதலிடம் பிடித்தார், அதனால் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமையான டூர் கார்டு கிடைத்தது. அடுத்த வருடம் முழுநேரமாக ஆடி, 2018 புத்தாண்டு தினத்தில் உலகச் சாம்பியன், பரிசு நான்கு லட்சம் பவுண்டு. அவர் அன்று தோற்கடித்தது யாரை என்று பையனையே கேளுங்கள், கண் மின்னும்: பில் டெய்லரை. பதினாறு முறை உலகச் சாம்பியனான டெய்லருக்கு முன்னணித் தொடரில் அதுதான் கடைசி ஆட்டம்.

டெய்லர் கதையும் உங்களுக்காகவே இருக்கிறது. ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட் ஊர்க்காரர், பீங்கான் சாமான் செய்யும் தொழிலாளி. வாரக் கூலி ஐம்பது பவுண்டு சொச்சம். அப்போதே ஐந்து முறை உலகச் சாம்பியனான எரிக் பிரிஸ்டோ அவர் ஆட்டத்தைப் பார்த்து, பணம் போட்டுத் தாங்கினார். 1990 உலக இறுதிப் போட்டியில் டெய்லர் அதே பிரிஸ்டோவை 6-1 என்று அடித்தார். அப்போது வயது இருபத்தொன்பது. அவர் வேலையை விட்டது எப்போது என்று பாருங்கள். விஷயம் தெரிந்த ஒருவர் தன் காசைப் போடத் துணிந்த பிறகு. உங்கள் வீட்டுக்கும் இந்த விதியே போதும் என்பது என் கட்சி. வெளியாள் ஒருவர் பணமோ இடமோ கொடுக்க முன்வரும்வரை படிப்பையோ வேலையையோ விடக்கூடாது.

இப்போது வருமானம். தொழில்முறை டார்ட்ஸை நடத்தும் பி.டி.சி. என்ற அமைப்பின் டூர் கார்டு வைத்திருப்பவர்கள் 128 பேர்தான். கார்டு இரண்டு வருடத்துக்குச் செல்லும். முடிவில் தரவரிசையில் முதல் 64-க்குள் இல்லையென்றால் கார்டு போய்விடும், ஜனவரியில் நடக்கும் கியூ-ஸ்கூல் என்ற தகுதிச் சுற்றில் மறுபடி நிற்க வேண்டும். தரவரிசை என்பதே கடைசி இரண்டு வருடப் பரிசுப் பணத்தின் கூட்டல். இன்று ஜெயித்த பெரிய தொகை இரண்டு வருடம் கழித்துக் கணக்கிலிருந்து கழன்றுவிடும். ஒரு நல்ல வருடத்தை வைத்து நெடுநாள் ஓட்ட முடியாது.

டிவியில் தெரிவது உலகச் சாம்பியன் போட்டி நடக்கும் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ் அரங்கம், பாட்டு, வேஷம் போட்ட கூட்டம். சாதாரண வாரத்தில் கார்டுக்காரர் இருப்பது விகனிலோ லெஸ்டரிலோ ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைமிலோ, வரிசையாகப் போர்டு மாட்டிய ஒரு ஹாலில். அங்கே பாட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. முதல் சுற்றில் தோற்றால் பரிசு ஒரு பென்னியும் கிடையாது. பெட்ரோல், ஹோட்டல் எல்லாம் சொந்தச் செலவு. சுயதொழில் என்பதால் வரிக் கணக்கும் அவரே பார்க்க வேண்டும். மாதச் சம்பளம், பென்ஷன் என்ற பேச்சே இல்லை.

பப் பற்றிய உங்கள் பயம் நியாயம்தான், ஆனால் கொஞ்சம் பழையது. ஜூனியர் அகாடமிகள் பிள்ளைகளுக்காகவே நடக்கின்றன, அங்கே சேருங்கள். முதல் சில வாரம் நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். எனக்கு பீரைவிட அதிகக் கவலை பந்தயக் கம்பெனிகள். பெரிய போட்டிகளின் பெயரிலேயே அவர்கள் விளம்பரம் இருக்கிறது. ஆடுகிறவன் பந்தயம் கட்டுவதில்லை என்பதை இந்த வயதிலேயே வீட்டுச் சட்டமாக்குங்கள். நம் ஆட்கள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இந்தியாவிலிருந்து நிதின் குமார் அதே அலெக்சாண்ட்ரா பேலஸ் மேடையில் ஆடியிருக்கிறார்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. இந்த விளையாட்டில் உடைவது பெரும்பாலும் தோள் இல்லை, மனசு. பிரிஸ்டோவுக்கே ஒரு கட்டத்தில் அம்பை விட விரல்கள் மறுத்தன. 'டார்டைட்டிஸ்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கூரை வேலை செய்துகொண்டிருந்த லூக் ஹம்ஃப்ரீஸ், பதற்ற நோயோடு போராடியதை வெளிப்படையாகப் பேசியவர். 2024-இல் லிட்லரை இறுதிப் போட்டியில் வென்றதும் அவர்தான். ஆகவே தோற்றுவிட்டு வந்த இரவில் பையன் எப்படி இருக்கிறான் என்று கவனியுங்கள். ஜெயித்த இரவைவிட அதுதான் எனக்கு உபயோகமான தகவல்.

சரி, இப்போது என்ன செய்வது? நீங்கள் இருப்பது லண்டன்; இங்கிலாந்தில் 18 வயது வரை ஏதாவதொரு கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். படிப்பா டார்ட்ஸா என்ற சண்டைக்கு அடுத்த இரண்டு வருடம் இடமே இல்லை. ஏ-லெவல்தான் வழி என்று நீங்களும் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். கையால் செய்யும் வேலையில் நாட்டம் இருந்தால் எலக்ட்ரிக்கல் அப்ரண்டிஸ்ஷிப் நல்ல தேர்வு. கற்கும்போதே சம்பளம் வரும், முடித்ததும் ஒரு தொழில் கையில் இருக்கும். கிராஸ் பெயரைச் சொல்லி இதை விற்பது சுலபம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பதினாறு ஆனதும் இளைஞர்களுக்கான டெவலப்மென்ட் டூர் என்ற தொடர் இருக்கிறது, 24 வயது வரை அதில் ஆடலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

கணக்குப் பாடத்துக்கு ஒரு குறுக்குவழி. 501-இலிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பு டபுளில் (எண் இரட்டிப்பாகும் வளையத்தில்) முடிய வேண்டும் என்பதுதான் ஆட்டம். 100 மிச்சம் இருக்கும்போது ட்ரிபிள் 20-க்கு (மூன்று மடங்கு, அதாவது 60) எறிந்தது தவறி வெறும் 20-இல் குத்தினால் அடுத்து என்ன என்று கேளுங்கள். 80 மிச்சம், ட்ரிபிள் 20, டபுள் 10 என்று யோசிக்காமல் சொல்வான். இவ்வளவு கழித்தல் தலையில் ஓடுகிற பையன் "கணக்கு வராது" என்று டீச்சரிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், என்னைப் பார்க்க வருமுன் அவனுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். முப்பது நாள், தினமும் இருபது லெக் (501-இலிருந்து முடிக்கும்வரை ஒரு லெக்) ஆடி, மூன்று அம்புக்குச் சராசரியாக எத்தனை புள்ளி எடுத்தான் என்பதை எழுதட்டும், மோசமான நாள்களையும் சேர்த்து. டிவியில் வரும் முன்னணி வீரர்களுக்கு அது 95, 100 என்று நிற்கும், அவனுக்கே தெரியும். மாத முடிவில் அந்த நோட்டையும் பள்ளியின் மாக் (மாதிரி) தேர்வு மதிப்பெண்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். முதல் அரைமணி நேரம் அவனோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன், நீங்கள் வெளியே டீ குடிக்கலாம்.