பெங்களூரிலிருந்து பென்னாகரம் வரும் பிள்ளைக்கு

சகோதரி, பெங்களூரில் இரண்டாம் வகுப்பு முடித்த மகனை ஜூனில் பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள், கன்னடம் வாசிக்கிறான், தமிழ் பேச மட்டும்தான் வருகிறது, வகுப்பைக் குறைத்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது.

பாடமுறையும் அவனுக்குச் சாதகம்தான். தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். அரும்பில் தொடங்கட்டும், அதில் ஒரு குறைவும் இல்லை.

தடுமாற்றம் எழுத்தில்தான் வரும். கன்னடத்தில் ka, ga ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து பழகியவன். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே ‘க’. தருமபுரி பேருந்து நிலையத்தில் ‘ஒகேனக்கல்’ பலகையைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் தனியாக வரும் ‘கே’ மெலிந்து ஒலிக்கும், ‘க்க’ அழுத்தமாக ஒலிக்கும். காதுக்குப் பழகிய ஊர்ப்பெயர் என்பதால் தானே பிடித்துக்கொள்வான். அப்புறம் பாலக்கோடு, காரிமங்கலம் என்று பலகைகளில் பார்ப்பதெல்லாம் பாடம்தான்.

ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தினம் அரைமணி நேரம் போதும். மே மாதம் முழுக்க ட்யூஷனில் தள்ளிவிடாதீர்கள், பாவம். கன்னட வாசிப்பையும் விடவேண்டாம், அது அவன் சொத்து. சேர்க்கும் அன்றே வகுப்பு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.