வெளிநாடுகளில் பணியாற்றிய கால்பந்துப் பயிற்சியாளர்களில் நீங்கள் மிகவும் மதிப்பவர் யார், ஏன்?

பாப் ஹவுட்டன். 2006 முதல் 2011 வரை இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் என்றுதான் நம்மில் பலர் அவரை அறிவோம். ஆனால் அவருடைய பெருமை அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. மதுரை அரசரடி ரயில்வே மைதானத்தில் மாலை நேரங்களில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஹவுட்டன் லண்டன்காரர். ஆட்டக்காரராகப் பெயர் வாங்கியவர் அல்லர். 1974இல் ஸ்வீடனின் மால்மோ அணி அவரை அழைத்தபோது வயது 26தான். அணியிலேயே அவரைவிட மூத்தவர்கள் இருந்தார்கள். வந்த ஆண்டே லீக் பட்டம். 1975இலும் 1977இலும் மறுபடியும். 1979இல் அந்த அணி, ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன் கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதிப் போட்டிக்கே போய்விட்டது. மியூனிக்கில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியிடம் 1-0 என்று தோற்றது. அதற்கு முன்னும் பின்னும் எந்த ஸ்வீடன் அணியும் அந்த இறுதிப் போட்டியை எட்டவில்லை. கோடிகளைக் கொட்டி ஆட்களை வாங்கிய அணியும் அல்ல அது; பெரும்பாலும் அந்தப் பகுதிப் பையன்கள்.

அப்படி என்ன செய்தார்? அக்காலத்தில் ஸ்வீடனில், எதிரணியின் ஒவ்வொரு முன்கள ஆட்டக்காரனையும் ஒருவர் நிழல்போலத் தொடர்வதும், எல்லோருக்கும் பின்னால் 'ஸ்வீப்பர்' ஒருவர் நிற்பதும்தான் வழக்கம். ஹவுட்டன் அதை மாற்றினார். ஆளைக் காக்காதே, இடத்தைக் கா என்றார். பின்வரிசை நான்கு பேரும் நடுவரிசை நான்கு பேரும் நெருக்கமாக நின்று, பந்து நகரும் பக்கமெல்லாம் சேர்ந்தே நகர வேண்டும். பந்து முன்னால் போனால் பின்வரிசையும் ஏற வேண்டும். அப்போது பின்வரிசையைத் தாண்டி நிற்கும் எதிரணி ஆளுக்குப் பந்து வந்தால் விதிப்படி அது தவறு; அந்த 'ஆஃப்சைடில்' அவன் சிக்குவான். கேட்க எளிது. பழக்கப்படுத்துவதற்கு ஒரே நகர்வை நாள்கணக்கில், சலிக்கச் சலிக்கச் செய்தாக வேண்டும். நான் பின்வரிசைச் சிறுவர்கள் நால்வரின் கையிலும் ஒரே கயிற்றைக் கொடுத்து, அது தொய்யாமலும் இழுபடாமலும் ஓடச் சொல்கிறேன். முதல் வாரம் முழுக்கச் சண்டைதான். "நீதான்டா பின்தங்கினே" என்று ஒருவன் மற்றவனைத் திட்டுவான். பிறகு ஒரு நாள் நால்வரும் பேசாமலேயே சேர்ந்து ஏறுவார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி கோலைப் பார்த்தாலும் கிடைப்பதில்லை.

ஹவுட்டன் தன்னோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தன் பள்ளித் தோழர் ராய் ஹாட்ஜ்சனை ஸ்வீடனுக்கு வரவழைக்கக் காரணமாக இருந்தார். ஹாட்ஜ்சன் 1976இலேயே ஹால்ம்ஸ்டாட் என்ற சிறிய அணியைச் சாம்பியனாக்கினார். இது இறக்குமதிச் சரக்கு, நம் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று ஸ்வீடனில் கடும் எதிர்ப்பும் இருந்தது. ஆனால் உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் வந்து பார்த்தார்கள், கற்றார்கள். அவர்களில் ஒருவர் ஸ்வென் யோரான் எரிக்சன். அதே முறையைக் கொண்டு 1982இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் அணிக்கு, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யுஇஎஃப்ஏ கோப்பையை வென்று கொடுத்தார். 2001இல் இங்கிலாந்து தேசிய அணிக்கே பயிற்சியாளரானார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் வெளிநாட்டவர் அவர்தான். வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவரை எதை வைத்து அளக்க வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்: அவர் போன பிறகு அந்த ஊர்க்காரர்கள் எதைத் தொடர்ந்து செய்கிறார்கள்?

ஸ்வீடனுக்குப் பிறகு ஹவுட்டனுக்குக் கனடா, சவூதி அரேபியா, சீனா, உஸ்பெகிஸ்தான் என்று பல நாடுகள். மேலூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களின் வீடுகளில் கேட்டால் அந்த வாழ்க்கை புரியும். ஒப்பந்தம் முடியும் தேதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பயிற்சியாளருக்கு அதுவும் உறுதியில்லை; இரண்டு தோல்விகள் போதும்.

இந்தியாவில் அவர் செய்தது சிறிதல்ல. 2007இல் சிரியாவை வென்று இந்தியா, இங்கே நடக்கும் சர்வதேசப் போட்டியான நேரு கோப்பையை முதன்முறையாகப் பெற்றது, 2009இல் மீண்டும். 2008இல் டெல்லியில் தஜிகிஸ்தானை 4-1 என்று வென்று, ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை. அன்று சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். அந்த வெற்றியால்தான் 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 2011 ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதி கிடைத்தது. அங்கே ஆஸ்திரேலியா, பஹ்ரைன், தென் கொரியா மூன்றிடமும் தோற்றோம். மொத்தம் 13 கோல்கள் வாங்கினோம். அதே ஆண்டு அவர் கிளம்பிவிட்டார். 2015 ஆசியக் கோப்பைக்கு நாம் தகுதி பெறவே இல்லை.

இதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்வீடனில் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளக் கீழே ஒரு பயிற்சியாளர் பட்டாளமே காத்திருந்தது. இங்கே நாம் அவரிடம் தேசிய அணியை மட்டும் ஒப்படைத்தோம். மாவட்டப் பயிற்சியாளர் எவரும் அவர் பயிற்சி முகாமின் ஓரத்தில் நின்றுகூடப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஊரைச் சேர்ந்த சேது எஃப்சி பெண்கள் அணி 2019இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தையே வென்றது. அப்படிப்பட்ட ஊரில் கற்றுக்கொள்ள ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்திய அணிக்குப் பயிற்சியளித்த இன்னொரு வெளிநாட்டவரான ஸ்டீபன் கான்ஸ்டன்டைனை ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்கலாம். நேபாளம், மலாவி, சூடான், ருவாண்டா என்று வசதி குறைந்த நாடுகளிலேயே உழைத்தவர். அவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. உலகத் தரவரிசையில் 173ஆம் இடம் வரை சரிந்த இந்தியா, அவர் காலத்தில்தான் 2017இல் 96ஆம் இடத்துக்கு ஏறியது. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று வென்றதும் அவர் அணிதான். இருந்தாலும் மாலையில் மைதானத்துக்குப் போகும்போது நான் எடுத்துச் செல்வது ஹவுட்டனின் பாடத்தைத்தான்.